சென்னையில் குடும்பத்தோடு குடியிருக்க எங்கே வீடு வாங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினோரு வருஷம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடு பார்த்து அலைந்து, கடைசியில் நங்கநல்லூரில் ஒரு பழைய ஃப்ளாட் வாங்கிக் குடிவந்தோம். வீட்டில் நான், கணவர், இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியோடு மாமியார். அன்றிலிருந்து ஆபீஸ் தோழிகளும் சொந்தக்காரர்களும் போன் போட்டு, "நீதான் நிறைய அலைஞ்சியே, எங்கே வாங்கலாம் சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் புரோக்கர் இல்லை, வக்கீலும் இல்லை. பார்த்ததையும் பட்டதையும் வைத்துச் சொல்கிறேன்.

சென்னையில் குடும்பத்துக்கு நல்ல ஏரியா எது? ஒரே பேர் சொல்லுங்கள்.

ஒரே பேர் சொல்ல முடியாது. வேளச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் இருக்கிறது, பள்ளிகள் இருக்கின்றன, கடைகண்ணிக்குக் குறைவே இல்லை. ஆனால் 2015-லும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும், ராம் நகர், ஏஜிஎஸ் காலனி பக்கம் ஜனங்களைப் படகில் ஏற்றி வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. அதே வேளச்சேரியில் மேடான தெருக்களும் உண்டு, அங்கே தண்ணீர் வந்த வேகத்தில் வடிந்தது. பேர் ஒன்று, பின்கோடு ஒன்று, ஆனால் அந்த ஒரு வாரம் இரண்டு தெருவுக்காரர்களும் பட்ட பாடு ஒன்றல்ல. தண்ணீர் வருவது, சாக்கடை அடைப்பது, பிள்ளை விளையாடுவது, ராத்திரி நடந்து வருவது எல்லாமே தெரு அளவில்தான் தீர்மானமாகிறது. அதனால் ஏரியா பேரைக் கேட்டு மயங்க வேண்டாம், பயந்து ஒதுங்கவும் வேண்டாம். நான்கைந்து ஏரியாவைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் தெருத் தெருவாக நடங்கள்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? ஆபீஸ் தூரமா, ஸ்கூலா?

ஒரு தாளை எடுத்து வீட்டில் உள்ள ஒவ்வொருவருடைய ஒரு நாளையும் எழுதுங்கள். காலை ஆறு மணியிலிருந்து ராத்திரி பத்து வரை யார் எங்கே இருக்கிறார்கள், எதற்கு வெளியே போகிறார்கள். எழுதிப் பார்த்தால் ஒன்று புரியும், ஆபீஸ் போகிறவர் அந்த ஏரியாவில் விழித்திருக்கிற நேரம் ரொம்பக் கம்மி. நாள் முழுக்க அங்கேயே இருப்பது பிள்ளைகளும் பெரியவர்களும்தான். அவர்களுக்கு நடந்து போகிற தூரத்தில் என்னென்ன வேண்டும் என்று முதலில் பாருங்கள், ஆபீஸ் தூரம் அதற்கு அடுத்தது.

நாங்கள் முதலில் இதைத் தலைகீழாகச் செய்தோம். கணவருக்கு அப்போது ஓஎம்ஆரில் வேலை, அதனால் நாவலூர் பக்கமாகவே தேடினோம், ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கிற அளவுக்குப் போய்விட்டோம். ஏதோ காரணத்தால் தள்ளிப் போனது. அடுத்த வருஷமே அவர் அம்பத்தூர் பக்கம் வேலை மாறினார். வீடு வாங்கினால் இருபது வருஷம் இருக்கப் போகிறோம், இந்தக் காலத்தில் ஒரே ஆபீஸில் யார் இருபது வருஷம் இருக்கிறார்கள்? ஒரு ஆபீஸுக்குப் பக்கம் என்று பார்ப்பதைவிட, எந்தப் பக்கமும் போக ரயிலோ மெட்ரோவோ பஸ்ஸோ பிடிக்கிற இடமா என்று பார்ப்பது மேல்.

வெள்ளம் வருகிற தெருவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்குத்தான் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், ஏனென்றால் சென்னையில் இதைச் சரியாகப் பார்க்காமல் வாங்கியவர்கள் பட்ட கஷ்டத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

முதலில், வெள்ளம் இரண்டு விதமாக வருகிறது. ஒன்று ஆறு பெருகி வருவது. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரும், வழியில் பல ஏரிகள் நிரம்பி வந்த தண்ணீரும் சேர்ந்து அடையாறு கரை புரண்டபோது முடிச்சூர், வரதராஜபுரம், மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று கரையோரம் முழுக்க மூழ்கியது. இன்னொன்று, பெய்த மழை போக வழியில்லாமல் தேங்குவது. வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கத்துத் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர வேண்டும். சதுப்பு நிலம் சுருங்கிப் போயிருக்கிறது, புயல் நேரத்தில் கடலும் தண்ணீரை உள்ளே வாங்காது. அதனால் மழை நின்ற பிறகும் நாள்கணக்கில் நிற்கும். இந்த இரண்டில் உங்கள் தெருவுக்கு எது வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆற்று வெள்ளம் எப்போதோ வரும், ஆனால் வந்தால் ஒரே ராத்திரியில் முதல் மாடியைத் தொடும். தேங்குகிற தண்ணீர் உயரம் குறைவு, ஆனால் பெருமழை பெய்கிற வருஷமெல்லாம் வாசலுக்கு வரும்.

இரண்டாவது, தெருப் பேரைப் படியுங்கள். தாங்கல் என்றால் சின்ன ஏரி. ஏரிக்கரை, லேக் வியூ, டேங்க் பண்ட் என்று பலகை இருந்தால் அங்கே ஒரு காலத்தில் ஏரி இருந்திருக்கிறது என்று அர்த்தம். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரி எங்கே? 1920-களில் அந்த நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் தி.நகரை உருவாக்கினார்கள். ஏரி போனாலும் பள்ளம் அங்கேதான் இருக்கிறது. தண்ணீருக்கு நம் பட்டா தெரியாது, அது பழைய வழியில்தான் வரும்.

மூன்றாவது, மனுஷர்களைக் கேளுங்கள், ஆனால் வீடு விற்கிறவரையோ புரோக்கரையோ கேட்காதீர்கள். இஸ்திரி வண்டிக்காரர், மளிகைக் கடை அண்ணாச்சி, பால் போடுகிறவர், வாடகைக்கு இருப்பவர்கள், இவர்களுக்கு எதையும் மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. "இங்கே தண்ணி வருமா?" என்று பொதுவாகக் கேட்டால் "அதெல்லாம் இல்லைம்மா" என்று பதில் வந்துவிடும். குறிப்பாகக் கேளுங்கள்: 2015-ல் எவ்வளவு வந்தது, 2023-ல் எவ்வளவு வந்தது, எத்தனை நாள் நின்றது, கரண்ட் எத்தனை நாள் இல்லை, பால் எங்கே போய் வாங்கினீர்கள்?

மடிப்பாக்கத்தில் ஒரு தெருவில் நாங்கள் பார்த்த வீடு எனக்குப் பிடித்துப் போயிருந்தது. எதிர் வீட்டில் ஒரு வயதான அம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து வந்து தன் வீட்டு இரும்பு கேட்டில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். அந்த இடத்துக்குக் கீழே பெயின்ட் உரிந்து துரு ஏறியிருந்தது, மேலே நன்றாக இருந்தது. என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே. அப்புறம் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். ஃபிரிட்ஜ் இரண்டடி உயர சிமென்ட் திண்டின் மேல் இருந்தது, பீரோவுக்கும் கீழே திண்டு, பிளக் பாயின்ட் எல்லாம் நெஞ்சு உயரத்தில். "ரெண்டு தடவை போச்சு கண்ணு, மூணாவது தடவைக்கு தெம்பு இல்ல" என்றார். நாங்கள் பார்க்க வந்த வீட்டின் சுவர் புதுசாக வெள்ளை அடித்திருந்தது. அன்றிலிருந்து எங்கே போனாலும் கேட், மீட்டர் பெட்டி, மளிகைக் கடையின் அடித்தட்டு, மோட்டார் வைத்திருக்கிற உயரம் இவற்றைத்தான் முதலில் பார்ப்பேன்.

எங்கள் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. பெரிய மழை பெய்தால் பழவந்தாங்கல் சுரங்கப்பாதையிலும் தில்லை கங்கா நகர் சுரங்கப்பாதையிலும் தண்ணீர் நிரம்பிவிடும், அன்றைக்கு ஜிஎஸ்டி ரோட்டுக்குப் போவதே பெரும்பாடு. வீட்டுக்குள் வராது என்று நிச்சயம் செய்துகொண்டு, இந்தக் கஷ்டம் பரவாயில்லை என்று தெரிந்தே வாங்கினோம்.

முதல் மாடி, இரண்டாவது மாடி என்றால் வெள்ளத்தைப் பற்றிக் கவலை இல்லையே?

இருக்கிறது. கீழே சம்ப், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி, இருக்கிறது, தெருத் தண்ணீரோடு சாக்கடையும் கலந்து அதில் இறங்கினால் மாடியில் இருப்பவர்களுக்கும் குடிக்கத் தண்ணீர் இல்லை. லிஃப்ட் பள்ளம் நிரம்பும், மோட்டார் போகும், கார் போகும், கரண்டை முன்னெச்சரிக்கையாக நிறுத்திவிடுவார்கள். மூட்டு வலிக்காரர் ஒருவர் மூன்றாவது மாடியில் நான்கு நாள் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சம்ப் மூடி தரைக்கு எவ்வளவு மேலே இருக்கிறது, மீட்டர் அறை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

வீடு ரோட்டைவிடத் தாழ்ந்திருக்கிறது, மற்றபடி எல்லாம் பிடித்திருக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுசு போட வேண்டும் என்று விதி இருந்தாலும், பல தெருக்களில் வருஷக்கணக்காக மேல்மேலே போட்டு, மூன்று படி ஏறிப் போன வீடுகள் இப்போது இரண்டு படி இறங்கிப் போகிற வீடுகளாகிவிட்டன. ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள், அந்தச் செலவும் அந்த வயிற்றுக் கலக்கமும் உங்களுக்கு எதற்கு? அபார்ட்மென்ட் என்றால் கார் நிறுத்துகிற தளம் ரோட்டைவிட எவ்வளவு உயரம் என்று அளந்து பாருங்கள்.

தண்ணீர் வசதியைப் பற்றி என்ன கேட்க வேண்டும்?

சென்னையில் தண்ணீர் அதிகமாவதும் பிரச்சினை, இல்லாமல் போவதும் பிரச்சினை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. இப்போது நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் இரண்டாவது நிலையமும் 2024-ல் வந்துவிட்டது, நிலைமை தேவலை. ஆனால் தண்ணீர் வாரியத்தின் குழாய் உங்கள் தெருவுக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி. 2011-ல் மாநகராட்சியோடு இணைத்த பகுதிகளில் எல்லாத் தெருவுக்கும் குழாயும் பாதாளச் சாக்கடையும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். "மெட்ரோ வாட்டர் கனெக்‌ஷன் இருக்கு" என்றால், எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது, எத்தனை மணி நேரம், எந்த மாதத்தில் வராது என்று கேளுங்கள்.

ஃப்ளாட் என்றால் அசோசியேஷன் செயலாளரிடம் போய் ஏப்ரல், மே, ஜூன் மாதக் கணக்கைக் கேளுங்கள். லாரித் தண்ணீருக்கு எவ்வளவு செலவு செய்தார்கள் என்று அதில் இருக்கும், அதைவிட நேர்மையான சாட்சி வேறு இல்லை. தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, பையில் போட்டுக்கொண்டு போய் போர் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். குடிக்க 500-க்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை தாங்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கும் மேலே காட்டுகிற இடங்கள் கடலோரமாக நிறைய உண்டு. ஒரு வெள்ளைப் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள், மஞ்சளாக மாறினால் இரும்புச் சத்து. துணி, டைல்ஸ், முடி எல்லாவற்றுக்கும் அது தொல்லை.

கழிவுநீர்?

தெருவில் பாதாளச் சாக்கடை மூடிகள் இருக்கிறதா, வீடு அதில் இணைந்திருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். செப்டிக் டேங்க் என்றால் மாதத்துக்கு எத்தனை தடவை லாரி வருகிறது என்று கேளுங்கள். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்துவிட்டால் டேங்க் தானாக நிரம்பிவிடும், லாரியும் கிடைக்காது. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதை ரொம்ப அலட்சியமாக விடக் கூடாது.

நல்ல ஸ்கூல் பக்கத்தில் வாங்கலாம் என்று இருக்கிறோம். சரியான யோசனைதானே?

சரிதான், ஆனால் அட்மிஷன் கிடைத்த பிறகு வாங்குங்கள். பக்கத்தில் வீடு இருந்தால் இடம் கிடைத்துவிடும் என்று நினைத்து வாங்கி, பிறகு எட்டு கிலோமீட்டர் தள்ளி வேனில் அனுப்புகிற குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் ஒதுக்க வேண்டிய 25 சதவீத இடங்களுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்கு முன்னுரிமை உண்டு, அந்தத் தகுதி உங்களுக்கு இருந்தால் தூரம் நிஜமாகவே உதவும்.

ஒரே பள்ளியை நம்பாமல், மூன்று நான்கு பள்ளிகள் சுற்றியிருக்கிற இடமாகப் பாருங்கள். அண்ணா நகர், முகப்பேர், கே.கே.நகர், நங்கநல்லூர், சேலையூர் பக்கமெல்லாம் இதில் கொடுத்து வைத்த இடங்கள். ஒன்று சரிப்படவில்லை என்றால் வீடு மாறாமல் பள்ளியை மாற்றலாம். மாநகராட்சிப் பள்ளியையும் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள், வெளியே இருந்து முடிவு கட்டாதீர்கள்.

தூரத்தைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வழி. என் மகள் ஏழாம் வகுப்பிலிருந்து சைக்கிளில் போகிறாள். நடுவில் ஒரே ஒரு சின்ன ரோடுதான் கடக்க வேண்டும். ஜிஎஸ்டி ரோடோ நூறடி ரோடோ நடுவில் இருந்தால், பள்ளி அரை கிலோமீட்டரில் இருந்தாலும் பத்தாம் வகுப்பு வரை நீங்கள்தான் கொண்டுவிட வேண்டியிருக்கும்.

மெட்ரோ வரப்போகிறது, விலை ஏறும் என்று சொல்கிறார்களே?

மெட்ரோ இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்களில் ஏறக்குறைய 119 கிலோமீட்டருக்குத் திட்டமிட்டது: மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி, மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர். நல்ல விஷயம்தான், நகரத்துக்கே நல்லது. ஆனால் வரப்போகும் ரயிலின் விலையை விற்கிறவர் ஏற்கெனவே வீட்டு விலையில் சேர்த்துவிட்டார். இன்றைக்கு இருக்கிற வசதியை வைத்து அந்த இடத்தில் வாழ முடியுமா என்று பாருங்கள். முடியுமென்றால் மெட்ரோ வரும்போது அது கூடுதல் லாபம். முடியாதென்றால் அது வந்து சேரும்வரை தோண்டிய ரோட்டில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகப் போவது நீங்கள்தான்.

"ஸ்டேஷன் பக்கத்திலேயே" என்று விளம்பரத்தில் இருந்தால் நடந்து பார்த்து நிமிஷம் கணக்கிடுங்கள். கடற்கரை–தாம்பரம் புறநகர் ரயில் பாதையை யாரும் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவதில்லை, ஆனால் எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்றும் அதுதான் உயிர்நாடி.

பெரியவர்கள் கூட இருக்கிறார்கள். அவர்களுக்காக என்ன பார்க்க வேண்டும்?

அவர்களைக் கூட அழைத்துக்கொண்டு போங்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். வீடு முடிவாகிற கட்டத்தில் காட்டுவதற்காக அழைத்துப் போகாமல், தேர்ந்தெடுக்கிற கட்டத்திலேயே அழைத்துப் போங்கள். மாமியாரை வீட்டுக்குள் உட்கார வைத்துக் காட்டுவதைவிட, தெருமுனை வரை நடக்கவிட்டுப் பாருங்கள். நடைபாதை இருக்கிறதா, பைக் ஏறி வருகிறதா, நடுவில் உட்கார ஒரு திண்ணையாவது இருக்கிறதா, மாடு நிற்கிறதா, தெரு நாய்கள் எத்தனை, கழிவுநீர் மூடி மேலே துருத்திக்கொண்டு நிற்கிறதா என்பதெல்லாம் நம் கண்ணில் படாது, அவர் காலில் படும்.

என் மாமியார் ஊரில் இருந்தவரை தினமும் கோயிலுக்கு நடந்து போனவர். முன்பு இருந்த வாடகை வீட்டில் இரண்டு வருஷம் பால்கனியிலேயே உட்கார்ந்திருந்தார், கோபமாகவே இருப்பார், நாங்கள் வயசு என்று நினைத்தோம். இங்கே வந்த பிறகு காலையில் ஆஞ்சநேயர் கோயில் வரை போய்விட்டு, வழியில் காய்கறிக் கடையில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, கொத்தமல்லிக் கட்டோடு திரும்பி வருகிறார். கோபம் போய்விட்டது. தானாக வெளியே போய்த் தானாகத் திரும்பி வர முடிகிறது என்பது ஒரு மனுஷருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

தரைத்தளம் அவர்களுக்கு வசதி, ஆனால் வெள்ளத்துக்கு மோசம். அதனால் லிஃப்ட் உள்ள முதல் மாடி நல்லது. ராத்திரி நேரத்திலும் டாக்டர் இருக்கிற மருத்துவமனைக்கு ஆட்டோவில் எத்தனை நிமிஷம் என்று ஒருமுறை மாலை நெரிசலில் போய்ப் பாருங்கள், ஆம்புலன்ஸ் தெருவுக்குள் திரும்புமா என்றும் பாருங்கள்.

பாதுகாப்பான ஏரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ராத்திரி ஒன்பது மணிக்கு பஸ் ஸ்டாப்பிலிருந்தோ ஸ்டேஷனிலிருந்தோ வீட்டுக்குத் தனியாக ஒரு பெண் நடந்து பார்க்க வேண்டும். ஆண்கள் நடந்து பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டேன். தெருவிளக்கு எத்தனை எரிகிறது, கடை எத்தனை திறந்திருக்கிறது, வாசலில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா, பெண்கள் நடந்து போகிறார்களா? டாஸ்மாக் மதியம் பன்னிரண்டிலிருந்து ராத்திரி பத்து வரை, அது நீங்கள் நடக்கிற வழியில் இருந்தால் வேறு வழி உண்டா என்று பாருங்கள்.

சத்தம், நாற்றம்?

விமான நிலையத்தைச் சுற்றியுள்ள பொழிச்சலூர், பம்மல், மணப்பாக்கம் பக்கம் போனால் விமானம் போகிற நேரத்தில் பத்து நிமிஷம் மொட்டை மாடியில் நில்லுங்கள். பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளின் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சாயங்காலம் போய்ப் பாருங்கள், மதியம் தெரியாது. கல்யாண மண்டபம் பக்கத்தில் இருந்தால் முகூர்த்த நாளில் போய்ப் பாருங்கள், பார்க்கிங்கும் சேர்த்துப் புரியும்.

கேட்டட் கம்யூனிட்டி நல்லதா, சாதாரணத் தெருவில் சின்ன ஃப்ளாட் நல்லதா?

சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு கேட்டட் கம்யூனிட்டி நிஜமாகவே சௌகரியம், சாயங்காலம் கீழே இறக்கிவிட்டால் கவலையில்லை. அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் கேட்டுக்கு வெளியே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். கேளம்பாக்கம், படூர் பக்கம் நாங்கள் பார்த்த ஒரு பெரிய வளாகத்தில் உள்ளே நீச்சல் குளம், வெளியே ஒரு லெட்டர் போடக்கூட நடக்க முடியாத ரோடு. பதினாலு வயசுப் பிள்ளைக்கு நீச்சல் குளத்தைவிடத் தானாகப் பஸ் ஏறிப் போவது தேவை. மாதப் பராமரிப்புக் கட்டணத்தை அடுத்த பத்து வருஷத்துக்குக் கூட்டிப் பாருங்கள்.

சின்ன ஃப்ளாட்டில் யுடிஎஸ், அதாவது உங்கள் பேருக்கு வரும் பிரிக்கப்படாத நிலப் பங்கு, பொதுவாகக் கூடுதலாக இருக்கும். முப்பது வருஷம் கழித்துக் கட்டடம் போனாலும் நிலம் நிற்கும். என் ஓட்டு அதற்குத்தான்.

"நம்ம ஆளுங்க" இருக்கிற ஏரியாவாகப் பார்க்கச் சொல்கிறார்கள் வீட்டில்.

எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். வெள்ளத்தில் எங்கள் மாமாவைத் தோளில் சுமந்து வந்தவர் யாரென்று அவருக்கு இன்றுவரை தெரியாது. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடுகிற தெருவைப் பாருங்கள். ஆட்களைப் பிரித்துப் பார்த்து வீடு கொடுக்கிற இடத்தில், நாளைக்கு உங்கள் பிள்ளையின் நண்பன் வீட்டுக்கு வருவதற்கும் ஒருவர் கணக்குக் கேட்பார்.

எங்கள் பட்ஜெட்டுக்கு நீங்கள் சொல்கிற எந்த ஏரியாவும் எட்டாது. என்ன செய்வது?

மூன்று வழி தெரிகிறது. புதுசு வேண்டுமென்ற எண்ணத்தை விட்டுவிட்டு 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் கட்டிய ஃப்ளாட்டுகளைப் பாருங்கள், பெயின்ட்டும் குழாயும் மாற்றிவிடலாம், தெருவை மாற்ற முடியாது. இல்லையென்றால் ஒரு அறையைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதுவும் இல்லையென்றால் வடசென்னைப் பக்கம் மனசைத் திறந்து பாருங்கள். பெரம்பூர், வில்லிவாக்கம் பக்கம் ரயில் இருக்கிறது, பழைய பள்ளிகள் இருக்கின்றன, இரண்டு மூன்று தலைமுறையாக ஒரே தெருவில் இருக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. வடசென்னை என்ற பேரைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் பெரும்பாலும் அங்கே போய்ப் பார்க்காதவர்கள். மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளுக்குப் பக்கத்தில் மட்டும் காற்றை யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

நகரத்தை விட்டு ரொம்ப தூரம் தள்ளி மலிவாக மனை வாங்குவது முதலீட்டுக்குச் சரியாக இருக்கலாம், இன்றைக்குக் குடிபோகிற குடும்பத்துக்கு நான் சொல்ல மாட்டேன்.

பத்திரத்தில் ஏரியா சம்பந்தமாக என்ன பார்க்க வேண்டும்?

மூலப்பத்திரம், பட்டா, குறைந்தது முப்பது வருஷ வில்லங்கச் சான்று, இவற்றை வக்கீல் பார்ப்பார். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. சர்வே எண்ணை வைத்து சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) இணையதளத்தில் அந்த நிலம் குடியிருப்பா, விவசாயமா, தொழிற்சாலைப் பகுதியா, சதுப்பு நிலப் பகுதியா என்று பார்க்கலாம். பக்கத்து மனைகளையும் பாருங்கள், எதிரே காலியாக இருக்கிற இடம் தொழிற்சாலைப் பகுதி என்றால் அது என்றைக்கும் காலியாக இருக்காது. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல் உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்துவிட்டது, அதை ஒட்டி வாங்குகிறவர்கள் இன்னும் ஒரு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். எட்டு வீடுகளுக்கு மேலோ, 500 சதுர மீட்டருக்கு மேல் நிலத்திலோ வருகிற புதுத் திட்டம் ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவாகியிருக்க வேண்டும்.

செலவுக் கணக்கில், மனைக்கும் தனி வீட்டுக்கும் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் தனியாக எடுத்து வையுங்கள்.

அங்கேயே முதலில் வாடகைக்கு இருந்து பார்ப்பது அவசியமா?

முடிந்தால் கட்டாயம். நாங்கள் வாங்குவதற்கு முன் பக்கத்தில் ஆதம்பாக்கத்தில் இரண்டு வருஷம் வாடகைக்கு இருந்தோம். ஒரு நவம்பரும் ஒரு மே மாதமும் ஒரு இடத்தில் கழித்தால், மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமை அலைந்தாலும் தெரியாதது தெரியும். எங்கள் ஃப்ளாட்டே பலகை தொங்காத வீடு, காய்கறிக் கடைக்கார அக்கா சொல்லித்தான் விற்கிறார்கள் என்றே தெரிந்தது.

அதற்கெல்லாம் நேரமில்லை, இந்த மாதமே முடிவு சொல்ல வேண்டும். குறைந்தபட்சம் எத்தனை தடவை போய்ப் பார்ப்பது?

ஐந்து தடவை. வேலை நாளில் காலை எட்டு மணி, பள்ளி வேன்கள் வருகிற நேரம். அதே நாள் ராத்திரி ஒன்பது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள் என்று பார்க்க. மழை பெய்த மறுநாள், கோடையாக இருந்தால் தண்ணீர் லாரி வருகிற விடிகாலை. ஐந்தாவது தடவை வீட்டில் உள்ள எல்லோரும், புரோக்கர் இல்லாமல், வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து போங்கள். எங்கள் ஐந்தாவது தடவையில் மாமியார் பாதித் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டு அம்மா உள்ளேயிருந்து ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, யார், எந்த ஊர் என்று விசாரிக்க ஆரம்பித்தார். நாங்கள் வீட்டைப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் கழித்துத் திரும்பியபோதும் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் டோக்கன் கொடுத்தோம்.